ஞானப்பல்லின் கதை

மனிதனுக்கு வாய்க்கும் முப்பத்திரண்டு பற்களில் கடைசியாக வருவன நான்கு. இரு தாடைகளிலும் இருபுறத்துக் கோடியிலும், பெரும்பாலும் பதினேழு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையே, இவை முளைக்கின்றன. அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுவதால் இவற்றை ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் அழைக்கின்றோம். இலத்தீன் மொழியாரும் அரபு மொழியாரும் இதே கருத்தில்தான் பெயரிட்டனர். துருக்கியர் இதனை இருபது வயதுப் பல் என்பர். ஜப்பானியரோ பெற்றோர் அறியாத பல் என்று பெயர் வைத்தனர். பிள்ளை வளர்ந்து தனித்து வாழத் தொடங்கிய பின் முளைப்பது என்பது அதன் பொருள். பிழைப்பின் பொருட்டுப் பெற்றோரைப் பிரிந்து பிற மாநிலங்களில் வாழும் இளைஞர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். தாயின் கைவைத்தியம் கிட்டாத தொலைவில்தான் இந்தப் பல் நம்மில் பலருக்கும் வலிக்கத் தொடங்குகிறது.

பெயர் அறிவைக் குறித்தாலும், பல் நடந்துகொள்ளும் முறை அவ்வாறில்லை. வேகவைத்த மென்மையான உணவுக்கு மனிதகுலம் பழகப் பழகத் தாடை சிறுத்தது. பற்களின் எண்ணிக்கையோ அந்த அளவுக்குக் குறையவில்லை. கடைசியில் வருகின்ற பல்லுக்கு இடம் போதுவதில்லை. ஆகவே அது சாய்ந்தோ, படுத்தோ, பாதி வெளியேயும் பாதி ஈறுக்குள்ளேயுமாகவோ நின்றுவிடுகிறது. அந்த ஈறு மடிப்பினுள் உணவு தங்கி அழுக, வீக்கமும் சீழும் உண்டாகின்றன.

இத்துன்பம் இன்று நேற்று தோன்றியதன்று. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டியர்க்குக்கூட இப்பல் பெருவலியுடன் முளைத்ததுண்டு என்று எழுதி வைத்தார். நம் நாட்டுச் சுசுருத சங்கிதை தாடையின் கடைசிப் பல்லருகே எழும் பெரிய வீக்கத்தையும், கடும் வலியையும், உமிழ்நீர் ஒழுகுவதையும் ஒருங்கே கூறி, அந்நோய்க்கு அதிமாம்சம் எனப் பெயரிடுகிறது. மிகையாக வளர்ந்த அத்தசையை அறுத்து நீக்கி, மருந்துப் பொடியைத் தேனில் குழைத்து இடுமாறும் கூறுகிறது. பின்வந்த வாக்படர் தமது அஷ்டாங்க இருதயத்தில், பல்வரிசையின் இறுதியில் முளைபோல் எழும் இவ்வீக்கம் தாடையிலும் காதிலும் வலியை எழுப்பி, உணவு கொள்ள இயலாமற் செய்யும் என்கிறார். காதில் வலி என்ற குறிப்பைக் கவனிக்க வேண்டும். பல்நோயைக் காதுநோய் என்று எண்ணிக் காதில் எண்ணெய் விட்டுக்கொள்வோர் இன்றும் உளர்.

அஷ்டாங்க இருதயமே கேரளத்து அஷ்டவைத்தியக் குடும்பங்களின் முதன்மையான நூல். ஆதலின் பாலக்காட்டுச் சமவெளியிலும் அதனை அடுத்த நாடுகளிலும் இந்நோயின் அடையாளங்கள் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தன. நோய் தெரிந்திருந்தது, ஆனால் வலியின்றிப் பல்லை எடுக்கும் வழி உலகில் எங்கும் தெரிந்திருக்கவில்லை.

பல்லை எடுப்பது என்றால் என்ன என்பதை அக்காலத்து மக்கள் அச்சத்துடன் அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கார்டோவாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல் சஹ்ராவி, வலியின் மயக்கத்தில் நோயாளி தவறான பல்லைக் காட்டிவிடுவதுண்டு. ஆகவே எது நோயுற்ற பல் என்று உறுதி செய்த பிறகே கருவியைக் கையிலெடுக்க வேண்டும் என்று எச்சரித்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பல்திறவுகோல் என்றொரு கருவி பெருவழக்காயிற்று. கதவின் பூட்டைத் திறப்பதுபோல் பல்லைத் திருகி எடுப்பது அதன் வேலை. பல்லோடு தாடையெலும்பின் ஒரு துண்டும் பெயர்ந்து வருவதுண்டு.

வலியை வெல்லும் வழி ஒரு ஞானப்பல்லிலிருந்தே பிறந்தது என்பது மருத்துவ வரலாற்றின் சுவையான செய்தி. அமெரிக்க நாட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், கோல்டன் என்பவர் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் சிரிப்பு வாயுவை வைத்து ஒரு வேடிக்கைக் காட்சி நடத்தினார். வாயுவை முகர்ந்து ஆடிய ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணரவில்லை. அவையில் இருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல்மருத்துவர் அதனைக் கண்டார். மறுநாளே கோல்டனை அழைத்து வாயுவைத் தாமே முகர்ந்து, தம்மை நெடுநாள் வருத்திய ஞானப்பல்லைத் தம் நண்பர் ரிக்ஸ் என்பவரைக் கொண்டு எடுக்கச் செய்தார். ஊசி குத்திய அளவுகூட அவருக்கு வலி தெரியவில்லை.

ஆனால் 1845இல் பாஸ்டன் நகரத்து அறிஞர் அவையில் வெல்ஸ் இதனைச் செய்து காட்டியபோது, நோயாளி இடையில் குரல் எழுப்பிவிட்டான். அவை நகைத்தது. அடுத்த ஆண்டில் அவருடைய பழைய கூட்டாளியான மார்ட்டன் ஈதரைக் கொண்டு அதே நகரில் வெற்றி கண்டார். புகழ் அவரைச் சேர்ந்தது. வெல்ஸ் மனம் உடைந்து 1848இல் மாண்டார். 1864இல்தான் அமெரிக்கப் பல்மருத்துவர் சங்கம் அவரது முதன்மையை ஏற்றது. நாம் இன்று அச்சமின்றி மருத்துவரின் நாற்காலியில் அமர்வதற்கு அந்தத் துயர மனிதரின் பல்லும் ஒரு காரணம்.

மயக்கமின்றி, வாயின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை அடுத்து வந்தது. 1884இல் வியன்னா நகரத்துக் கோலர், கோக்கேன் மருந்து கண்ணை மரக்கச் செய்வதைக் காட்டினார். விரைவிலேயே நியூயார்க் நகரத்து ஹால்ஸ்டெட், கீழ்த்தாடையின் நரம்பருகே அம்மருந்தைச் செலுத்தி அப்பக்கம் முழுவதையும் மரக்கச் செய்தார். அம்மருந்துக்கே அடிமையாகி அவர் பட்ட துன்பம் பெரிது. ஆகவே தீங்கற்ற மாற்றைத் தேடினர். 1905 அளவில் நோவகேன் வந்தது. 1943இல் ஸ்வீடன் நாட்டு லோஃப்கிரேன் லிக்னோகேனை ஆக்கினார். இன்று நம் ஊர்களில் பல்மருத்துவர் இடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது இம்மருந்தே.

இரண்டாவது வெற்றி பார்வையைப் பற்றியது. ஈறுக்குள் புதைந்த பல் எப்பக்கம் சாய்ந்துள்ளது, அதன் வேர் நரம்புக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதை வெறுங்கண் காணாது. 1895 நவம்பரில் ரண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மன் பல்மருத்துவர் வால்காஃப் தம் வாயையே படமெடுத்தார். இருபத்தைந்து நிமிடம் அசையாது இருக்க வேண்டியிருந்தது. இன்று இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் கருவி சில நொடிகளில் வேலையை முடித்துவிடுகிறது. 1926இல் அமெரிக்கரான வின்ட்டர் கீழ்த்தாடை ஞானப்பல்லைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி, நேராக நிற்பது, முன்சாய்வது, படுத்திருப்பது என்றவாறு அதன் நிலைகளை வகுத்தார். அதுமுதல் இவ்வறுவை கண்ணை மூடிச் செய்யும் பலப்பரீட்சையாக இல்லாமல், முன்கூட்டியே திட்டமிடும் கலையாயிற்று.

மூன்றாவது வெற்றியே உயிர் காத்தது. கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கி நிற்கிறது. ஆகையால் அங்கே உண்டாகும் சீழ் வாய்க்குள் உடைந்து வெளியேறாமல், தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவக்கூடும். நாக்கு மேலெழுந்து மூச்சுக்குழலை அடைக்கும். 1836இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் இக்கொடிய நோயை விவரித்தார். பென்சிலின் வருமுன் இதற்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1928இல் ஃபிளெமிங் கண்ட பென்சிலின், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மருந்தாயிற்று. புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை நம் நாட்டிலேயே அதனை ஆக்கத் தொடங்கியது.

உலகில் கிடைத்த இவ்வெற்றிகள் மலைநாட்டுத் தொழிலாளியின் வாசலை அடைவதற்கு மேலும் காலம் ஆயிற்று. இந்தியாவின் முதல் பல்மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920இல் நிறுவியவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. தகுதியற்றோர் தெருவோரத்தில் பல் பிடுங்குவதைத் தடுத்து, படித்த மருத்துவர்களைப் பதிவு செய்ய 1948இல் பல்மருத்துவர் சட்டம் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல்மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 1959இல் ஒன்று தோன்றியது. கோழிக்கோட்டுக் கல்லூரி 1981இல் வந்தது.

இவ்வாண்டுகளை எல்லைநாட்டின் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். பாலக்காடு அக்காலத்தில் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த சித்தூர், கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். கண்ணன் தேவன் மலையிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, கொழுந்து பறிக்கச் சென்றவர்களில் பெரும்பாலோர் தமிழர். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி இறங்கியது. மனிதரோ மலைப்பாதையில் நடந்தே ஏறி இறங்கினர். மூணாற்றுச் சிறு இரயில் பாதையையும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. தாடை வீங்கிய ஒருவர் அம்மலையிலிருந்து சமவெளிக்கு வருவது எத்தகைய பயணமாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதி அமைக்க வேண்டுமென்று விதித்தது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது இப்பகுதிகள் யாவும் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி 1972இல் தனி மாவட்டமாயிற்று.

கோடு வரைபடத்தில் விழுந்தது. நோயாளியின் வழி மாறவில்லை. வாளையாற்றிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வாழ்வோர் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும், மறையூரார் உடுமலைப்பேட்டைக்கும், மூணாற்றார் போடிக்கும் தேனிக்கும், குமுளியார் கம்பத்துக்கும் செல்வது வழக்கம். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். மூணாற்றிலிருந்து தேனி செல்வதோ மலை வளைவுகளில் அரைநாள் வேலை. நெடுந்தூரம், ஒருநாள் கூலி, பழைய அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்து, ஞானப்பல் வலியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கச் சொல்கின்றன.

ஈண்டுதான் ஒரு மயக்கம் நேர்கிறது. இவ்வலி பெரும்பாலும் நாலைந்து நாளில் தானே தணியும். தணிந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். ஈறு மடிப்பு அங்கேயே இருக்கின்றது. சில மாதங்களில் வலி திரும்பும். ஒவ்வொரு முறையும் சற்று ஆழமாக இறங்கும். வலி ஓய்ந்திருக்கும் காலமே பல்லை எடுக்க ஏற்ற காலம். வீக்கமும் சீழும் உள்ளபோது முதலில் அவற்றைத் தணிக்கவே மருத்துவர் முயல்வார். அதற்காக எல்லா ஞானப்பற்களையும் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. நோயில்லாத ஞானப்பல்லை வெறும் முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ நெறி அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. எடுக்க வேண்டுமா என்பதைப் படம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

முடிவான பின் ஆயத்தம் தொடங்குகிறது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இதயநோய், கருவுற்ற நிலை, பென்சிலின் ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காமல் கூறுக. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. எலும்பு வலுவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் அதனையும் தெரிவிக்க வேண்டும். ஊசியால் வாய் மட்டும் மரத்துப்போகும் முறையாயின், மருத்துவர் வேறு சொல்லாவிடில் இலேசாக உண்டுவிட்டுச் செல்வது நன்று. முழு மயக்கமாயின் எப்போது முதல் உண்ணலாகாது என்று கேட்டு அவ்வாறே நடக்க வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க.

நாளைத் தேர்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றபோது பல்லை எடுத்துக்கொண்டு, மறுநாளே மலைப்பேருந்தில் திரும்புவோர் பலர். வீக்கம் உச்சத்துக்கு வருவது இரண்டாம் மூன்றாம் நாள்களில்; எடுத்த குழியில் கடுவலி தோன்றுமாயின் அது மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள்; தையல் பிரிப்பது ஒரு வாரம் கழித்து. ஆகவே எங்கே ஒரு வாரம் தங்க முடியுமோ அவ்வூரில், வாரத்தின் முதல் நாள்களில் எடுத்துக்கொள்வது சிறந்தது. அவ்வாறு இயலாவிடில் எக்ஸ்ரே படத்தையும் மருத்துவரின் குறிப்புச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டால், வேலை செய்யும் ஊரில் உள்ள மருத்துவர் தொடர்ந்து பார்க்க இயலும்.

இதுவரை கூறிய மூன்று வெற்றிகளும் மருத்துவரின் கையில் உள்ளவை. நான்காவது ஒன்று நோயாளியின் கையில் உள்ளது. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அந்த உறைகட்டிதான் எலும்புக்கு இயற்கை இடும் கட்டு. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெறுமையாகிக் காதுவரை தெறிக்கும் வலி எழும். 1896இல் கிராஃபோர்டு என்பவர் இதற்கு உலர்குழி என்ற பொருள்படப் பெயரிட்டார்.

உறைகட்டியைக் காப்பது எளிது. பொறுமை மட்டுமே வேண்டும். மருத்துவர் வைத்த பஞ்சுத்துணியை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுந்தக் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் வாய் கொப்பளிப்பதும், காறி உமிழ்வதும், குழல் வைத்து உறிஞ்சுவதும் ஆகா. அவை கட்டியைப் பெயர்த்துவிடும். பீடியும் சிகரெட்டும் பல நாள்களுக்கு வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை மலைத்தோட்டங்களில் பலருக்கும் வேலைக்களைப்பு ஆற்றும் துணை என்பதை அறிவோம். எனினும் குழி ஆறும்வரை அத்துணையை விலக்கியே ஆக வேண்டும். கன்னத்தின் வெளிப்புறத்தில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு வைத்தால் வீக்கம் குறையும். உதடு மரத்திருக்கும் வரை சூடானதை உண்ணலாகாது, சுட்டாலும் தெரியாது. ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்ச்சோறு போன்றவை முதல் நாள்களுக்கு ஏற்ற உணவு. பாலக்காட்டு மட்டை அரிசியாயின் நன்கு குழைய வடிக்க வேண்டும். இரண்டாம் நாள் முதல் இளஞ்சூட்டு உப்புநீரை வாயிலிட்டு மெல்ல அசைத்து, தானே வழியவிடலாம். குழிக்குள் மஞ்சளோ, காப்பித்தூளோ, கிராம்போ திணிக்கலாகாது. தந்த மருந்தைத் தந்த நாள் அளவும் உண்ண வேண்டும். நோவு குறைந்ததென்று இடையில் நிறுத்துவதும், பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கி உண்பதும் தவறு.

வீக்கமும் வாய் திறக்கச் சிறிது இறுக்கமும் இயல்பே. நாளுக்கு நாள் குறையும். பஞ்சை அழுத்தியும் நில்லாத குருதி, மூன்றாம் நாளுக்குப் பின் கூடும் வலி, பல நாளாகியும் நீங்காத உதட்டு மரப்பு ஆகியவை உண்டாயின் மருத்துவரிடம் மீண்டும் செல்க. காய்ச்சல், விழுங்க இயலாமை, தாடைக்கு அடியில் பரவும் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் மறுநாள் பேருந்துக்குக் காத்திராமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். லுட்விக் கண்ட நோய் மறைந்துபோகவில்லை. காலத்தில் வருவோர்க்கு மட்டுமே அது அடங்குகிறது.

எல்லையில் வாழும் நமக்கு மொழி பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மலையாளமும் தமிழும் நெருங்கிய மொழிகளாதலால் சில சொற்கள் நம்மை ஏமாற்றும். மருத்துவர் பனி உண்டா என்று வினவினால், மலையின் பனியைக் கேட்கிறார் என்று எண்ணிவிடலாகாது. அங்கே பனி என்பது காய்ச்சல். நீர் உண்டா என்றால் வீக்கம் உண்டா என்று பொருள். அணப்பல் என்பது கடைவாய்ப்பல். பனி இல்லை என்று பழக்கத்தில் கூறிவிட்டு, உள்ளே காய்ச்சலுடன் வீடு திரும்புவது ஆபத்தில் முடியலாம். விளங்காததை மீண்டும் கேட்பதில் வெட்கம் வேண்டா.

வெல்ஸ் வலியை வென்றார். ரண்ட்கன் மறைந்ததைக் காட்டினார். ஃபிளெமிங் சீழை அடக்க வழி தந்தார். அவர்கள் ஈட்டியவை இன்று நம் எல்லையூர்களின் மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்துள்ளன. வலி ஓய்ந்த நாளில் மருத்துவரிடம் செல்வதும், உண்மையை மறையாது உரைப்பதும், ஒரு வாரம் பொறுத்திருப்பதும் நம் பங்கு. காலத்தோடு எடுத்த பல்லுக்குச் சில நாள் கூலி போகும்; தள்ளிப்போட்ட பல்லோ சிலரிடம் அதைவிடப் பெரிய விலையைக் கேட்டிருக்கிறது.